மோட்டார் குரூப்பில் என் மகன்

லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டது என் தலையெழுத்து, ஆனால் லாரி டிரைவரைப் பெற்றவள் என்று பெயர் வாங்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பால் ஊற்ற வருகிறவரிடம் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். என்னோடு வேலை பார்க்கும் சமையல்கார அம்மாவிடம் தினமும் சொன்னேன், அவர் பாவம், கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர். எனக்கு ஒரே பையன். அவன் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புருஷன் வருவானா மாட்டானா என்று போனைப் பார்த்துக்கொண்டே குடித்தனம் நடத்தியவளுக்குத்தான் அந்த ஆத்திரம் புரியும். மற்றவர்களுக்கு நான் வாயாடி.

அதியமான்கோட்டையைத் தாண்டி, பெங்களூர் சேலம் ரோட்டை ஒட்டி இருக்கிற ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். அரிசி பருப்பு அளந்து கொடுக்க வேண்டும், முட்டை எண்ண வேண்டும், யாருக்கும் வயிற்றைக் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசாங்கக் கணக்கில் பத்தாம் வகுப்போடு பிள்ளைகளுக்குப் பசி நின்றுவிடும். பதினொன்றாம் வகுப்புக்குப் போனவனுக்குச் சத்துணவு கிடையாது. ஆனால் மத்தியானம் மணி அடித்தால் என் சமையல் கூடத்து வாசலில் கையெல்லாம் கிரீஸோடு நாலைந்து தடியன்கள் நிற்பார்கள். "டீச்சர், கொழம்பு மட்டும் ஊத்துங்க டீச்சர்" என்பார்கள். "போங்கடா, உங்கப்பன் வூட்டு அரிசியா?" என்று திட்டிக்கொண்டே சோறும் போடுவேன். அவர்கள்தான் மோட்டார் குரூப் பையன்கள்.

அந்தப் பிரிவுக்குப் பாடப்புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களும் கணக்கென்றால் காய்ச்சல் வருகிறவர்களும் அங்கே போய்ச் சேருவார்கள். மைதானத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் பிரித்துப் போட்ட ஓர் இன்ஜின், ஒரு கியர் பாக்ஸ், சக்கரமில்லாத ஜீப் ஒன்று. என் பையன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பக்கத்து லாரி முதலாளிகள் சிலர் சேர்ந்து, ஓடி ஓய்ந்த ஒரு லாரியையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். டிரைவர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையாம். பள்ளிக்கூடத்திலேயே பழக்கிவிட்டால் பின்னால் உதவும் என்று மேடையில் பேசினார்கள். ஆள் எங்கிருந்து கிடைக்கும்? லாரி டிரைவர் என்றால் பெண் பார்க்கப் போன வீட்டிலேயே காப்பி ஆறிப்போகிறது. இருக்கிற டிரைவர்களும் தங்கள் பிள்ளைகளைத் தொழிலுக்கு விடுவதில்லை. மேடையில் பேசிய ஒருவருடைய பிள்ளையும் மோட்டார் குரூப்பில் படிக்கவில்லை. அந்த லாரிக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்த அன்றைக்கு எல்லாருக்கும் சுண்டல் வேகவைத்துக் கொடுத்தது நான்தான்.

என் பையன் பத்தாம் வகுப்பு முடித்தான். மார்க் மோசமில்லை, வெளியே சொல்லிக்கொள்ளும்படியும் இல்லை. கம்ப்யூட்டர் குரூப்பில் ஓர் இடம் வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கெஞ்சி வைத்திருந்தேன். சேர்க்கை அன்று நான் வண்டியிலிருந்து முட்டை இறக்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, அவன் தானே போய் மோட்டார் குரூப் கேட்டிருக்கிறான். சமையல்கார அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார். முட்டை அட்டையை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன்.

"யாரைக் கேட்டுடா இதுல சேந்த?"

"அம்மா, இங்க வந்து கத்தாத."

"கத்துவேன். உங்கப்பா படற பாடு பத்தலையா? உனக்கு நான் என்னாடா கொறை வெச்சேன்?"

"எனக்கு இதுதாம்மா புடிச்சிருக்கு. சத்தத்தைக் கேட்டாவே வண்டியில என்னா கோளாறுன்னு எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டர்ல எனக்கு என்னா தெரியும்?"

எல்லார் முன்னாலும் அவன் முதுகில் ஓர் அறை வைத்தேன். அசையவில்லை. என்னைவிட ஒரு முழம் உயரமாகிவிட்டவன், அடியை வாங்கிக்கொண்டு இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றான். மோட்டார் சார்தான் குறுக்கே வந்தார். பையன்களுக்குத் தொழில் சொல்லித்தருகிற வாத்தியார் அவர். என்னைவிடச் சின்னவர், சட்டையில் எப்போதும் எண்ணெய்க் கறை.

"அக்கா, லாரிக்கு ஆள் புடிக்கறதுக்கு நான் இங்க இல்லீங்க. பன்னெண்டாவது பாஸ் பண்ணட்டும். இந்தக் குரூப் எடுத்தவனுக்குப் பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசம் சீட்டு குடுக்கறாங்க. அதை முடிச்சா ஓசூர் கம்பெனிதான். வண்டி செய்யற எடத்துக்குப் போவான், ஓட்டற எடத்துக்கு இல்லீங்க."

அந்தப் பேச்சில் விழுந்துவிட்டேன். பன்னிரண்டாவது பாஸ், பாலிடெக்னிக், ஓசூர். மறுநாளிலிருந்து பால்காரரிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்த ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. சமையல் கூடத்து வாசலில் நின்றால் கொட்டகை தெரியும். பழைய லாரியை மைதானத்துக்குள் மட்டும் நகர்த்துவார்கள், பக்கத்து இருக்கையில் சார் உட்கார்ந்திருப்பார். ரோட்டில் லாரி ஓட்ட இருபது வயது ஆக வேண்டும் என்று கொட்டகைச் சுவரில் அவர் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். இரண்டு தகர டிரம்களுக்கு நடுவில் லாரியைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒருத்தன் பின்னால் நின்று, "வா வா வா, லெப்ட்ல ஒடி, ஒடி, நில்லு நில்லு!" என்று கத்துவான். டிரம் உருண்டு ஓடும், பையன்கள் ஊளையிடுவார்கள். என் பையன் முறை வந்தால் சத்தம் அடங்கிவிடும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் கொண்டுவந்து செருகிவிடுவான். சமையல்கார அம்மா கரண்டியால் அண்டாவைத் தட்டுவார். "ஆமா, ரொம்பப் பெரிய சாதனை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷம்தான்.

என் வீட்டுக்காரர் மாதத்தில் சில நாள்தான் வீட்டில் இருப்பார். பன்னிரண்டு சக்கர லாரி. பூனா, நாசிக் பக்கம் போய்ச் சேலத்துக்கு லோடு கொண்டுவருவார். பேச்சு குறைவு, அவருக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்வேன். பையன் புத்தகத்தை விரித்தால் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"அப்பா, தொப்பூர் எறக்கத்துல நீங்க நியூட்ரல்ல போடுவீங்களா?"

"எவன்டா போடாம எறக்கறான்? டீசல் மிச்சம்."

"தப்புப்பா. பிரேக்கை மட்டும் நம்பி எறங்கினா சூடாகி புடிக்காம போயிரும். சின்ன கியர்ல போட்டு இன்ஜினே வண்டியைப் புடிக்கணும்னு சார் சொல்றாரு."

"உங்க சார் வந்து எறக்குவாராடா?" என்று சிரிப்பார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாத்தியா, எனக்கே பாடம் எடுக்கறான்" என்பார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் கவனித்தேன். கவனித்து எரிச்சலும் பட்டேன்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை வண்டியில் இருக்கும், வாய்க்குள் போகாது. அது கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் இருக்கும்போது டிவி பார்ப்பதை விட்டுவிட்டார். போனில் நம்பரை என்னைப் போட்டுத்தரச் சொன்னார். சாயங்காலம் ஆனால் வாசலுக்குப் போகாமல் படுத்துக்கொண்டார். அலுப்பு, மனுஷன் தூங்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை உண்டு. எழுத்துப் பலகையைத் தூரத்தில் மாட்டிப் படிக்கச் சொல்வார்கள். எங்கே போனாலும் பெரும்பாலும் அதே இங்கிலீஷ் எழுத்துதான். அதனால் வயதான டிரைவர்கள் பலர் பலகையை முழுசாக மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அதன் போட்டோ ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்குப் போகும். இங்கிலீஷில் ஒரு வார்த்தை படிக்கத் தெரியாதவர்கூட மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை கடகடவென்று ஒப்பிப்பார். இவரும் குளிக்கும்போது ஒப்பிப்பார். "ஈ, எஃப், பி, டி, ஓ, இசட்" என்று தண்ணீர்ச் சத்தத்தோடு கேட்கும். "எந்த இங்கிலீஷ் மீடியத்துல சேரப் போறீங்க?" என்று கேலி செய்வேன். எல்லா டிரைவரும் செய்கிற காரியம்தானே என்று இருந்துவிட்டேன்.

பையன் பன்னிரண்டாவது போன வருஷம், மோட்டார் சார் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றோடு பேசி, லாரி டிரைவர்களுக்குப் பள்ளி மைதானத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் வைத்தார். மோட்டார் குரூப் பையன்கள்தான் வேலையெல்லாம் பார்த்தார்கள். காக்கி யூனிபார்மில் சர்வீஸ் ரோட்டில் நின்று, "அண்ணே, டீ இருக்கு, கண்ணும் பாக்கறாங்க, வாங்கண்ணே" என்று லாரிகளை ஓரங்கட்டி அழைத்துவந்தார்கள். எழுத்துப் பலகைப் பக்கத்தில் குச்சியோடு நின்று எழுத்தைக் காட்டுகிற வேலை என் பையனுக்கு. அன்று அவன் அப்பா வீட்டில் இருந்தார். "வாங்கப்பா, நான்தான் போர்டு காட்டறேன்" என்று கூப்பிட்டான். அவர் தயங்கினார். நான்தான் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து, "புள்ள ஆசையாக் கூப்புடறான், போயிட்டுத்தான் வாங்களேன்" என்று தள்ளிவிட்டேன்.

அவர் முறை வந்தபோது நான் பக்கத்து மேசையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பையன் குச்சியைத் தூக்கக்கூட இல்லை. அதற்குள் இவர் கணீரென்று ஆரம்பித்துவிட்டார்.

"ஈ, எஃப், பி, டி, ஓ, இசட்..."

எதிரே மாட்டியிருந்தது தமிழ்ப் பலகை. டிரைவர்களுக்கு இங்கிலீஷ் வராது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் தமிழ் எழுத்தாகவே கொண்டுவந்திருந்தார்கள். மேலே ஒற்றையாக, இரண்டு கை அகலத்துக்கு ஒரு 'ப'. கேட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு வரிசையில் நின்ற ஒரு டிரைவர் கெக்கெக்கே என்று சிரித்தார். "அண்ணே, போர்டை மாத்திட்டாங்கண்ணே! இது தமிழு!" என்றார். அவ்வளவுதான், மொத்த வரிசையும் குலுங்கிச் சிரித்தது. எல்லாருக்கும் தெரிந்த வித்தைதானே. இவரும் சிரித்தார். "சும்மா, தமாசுக்குச் சொன்னேன்" என்றார். நானும் சிரித்தேன், கையிலிருந்த டீ தளும்பும்படி சிரித்தேன்.

பையன் சிரிக்கவில்லை. குச்சியை மேலே இருந்த அந்தப் பெரிய எழுத்தில் வைத்தான். இவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். மூடாத கண் பலகையை விட்டு எங்கேயோ தேடியது.  பையன் பலகையைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், எழுதிக்கொண்டிருந்த நர்ஸிடம் சத்தமாகச் சொன்னான்.

"கரெக்டா சொல்லிட்டாருங்க. அடுத்தவங்க வாங்க."

கூட்டத்துச் சத்தத்தில் நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இவர் எழுந்து என் மேசைக்கு வந்து டீ டம்ளருக்குக் கை நீட்டினார். கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போய் வெறும் மேசையைப் பிடித்தது. நான் டம்ளரை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்தேன். 

வீட்டுக்கு வந்ததும் பையன் மேல்தான் பாய்ந்தேன்.

"ஏன்டா அப்படிச் சொன்ன? கண்ணு தெரியாத மனுசனைத் திரும்ப ரோட்டுக்கு அனுப்பறியா? அறிவு இருக்குதாடா உனக்கு?"

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா. நீயும் சிரிச்ச. அப்பா மூஞ்சியை நேருக்கு நேரா நான் ஒருத்தன்தான் பாத்தேன்."

 இவர் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பகல்ல ஒண்ணும் தொந்தரவு இல்ல. பொழுது சாஞ்ச பொறவுதான் மங்கலா இருக்குது" என்றார், ஏதோ வண்டியில் சின்னப் பழுது என்பது போல.

சேலத்துக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை கண்ணின் பின்பக்கத்தைக் கெடுத்துவிட்டது, லேசர் வைத்து இருக்கிற பார்வையை வேண்டுமானால் காப்பாற்றலாம், போனது போனதுதான், இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னார். "கண்ணாடி போட்டா சரியாயிடுங்களா?" என்று மட்டும் இவர் கேட்டார். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "மொதலாளிகிட்ட சொல்லிராத. எனக்கு வேற என்னா தெரியும், சொல்லு?" என்றார்.  ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

லேசர் வைத்தோம். "இனிமே போவல" என்று சத்தியம் செய்தார். போன் வரும், "இந்த ஒரு லோடு" என்று பையைத் தூக்குவார். முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். "சொல்லு" என்று வாசலில் நின்றார். சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முதலாளி வேண்டாம் என்று சொன்ன மறுநாள் இந்த மனுஷன் எந்த மூலையில் உட்காருவார் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. காலாண்டுப் பரீட்சை லீவு வந்தது. "நான் கூடப் போறேம்மா, பாத்துக்கறேன்" என்றான் பையன். தனியாக அனுப்பினால் புருஷன் உயிருக்குப் பயம். கூட அனுப்பினால் இரண்டு பேருக்கும் பயம். இருந்தாலும் இரண்டு கண்ணாவது சரியாக இருக்கட்டும் என்று இருவருக்கும் சோறு கட்டினேன்.

"கிளீனராத்தான் போற. ஸ்டீயரிங்கைத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்."

"தொட மாட்டேம்மா."

நாசிக்கிலிருந்து வெங்காய லோடோடு திரும்பி வந்தார்கள். சர்வீஸ் ரோட்டில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுச் சேலத்துக்குப் போனார்கள். எங்கள் ஊரைத் தாண்டினால் தொப்பூர் இறக்கம். மறுநாள் வீட்டுக்கு வந்த பையன் அடுப்படியில் என் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"தொப்பூர் டோல்கேட்டைத் தாண்டினதும் அப்பா ஓரங்கட்டிட்டாரும்மா. சாயங்காலம், தூறல் வேற. 'எதுர்ல ஒண்ணுமே தெரியலடா'ன்னாரு. ஸ்டீயரிங் மேல தலையை வெச்சிக்கிட்டாரு. அப்புறம் எறங்கி, சுத்தி வந்து, இந்தப் பக்கம் ஏறிக்கிட்டாரு. 'நீ எறக்குடா'ன்னாரு."

"நீ எறக்கினியா?"

"செகண்ட் கியர்ல போட்டேன். பிரேக்கைச் சும்மா தொட்டுத் தொட்டு விட்டேன். பின்னால ஒரு டிரைலர்காரன் ஹார்ன் அடிச்சிக்கிட்டே வந்தான், நான் அவசரப்படல. அந்தப் பெரிய வளைவுல இன்ஜின் அப்படியே புடிச்சிக்கிட்டு நிக்குதும்மா! கீழ வந்தப்புறம் அப்பா என் தோள்ல கையை வெச்சாரு. 'நான் ஒரு நாளும் இப்படி எறக்கினது இல்லடா'ன்னாரு."

முக்காலியில் உட்கார்ந்தபடியே காலால் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக் காட்டினான். அப்படியொரு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. அவன் தடுமாறியிருக்கலாம். பயந்து அழுதிருக்கலாம், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கி ஓடியிருக்கலாம். அப்படி நடந்திருந்தால் லாரியே வேண்டாம் என்று பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியிருப்பான். பாவிகள், நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. லீவு முடிந்தும் போனான். நெடுஞ்சாலையில் அவன் ஓட்டுவான், அப்பா இடது பக்கம் சட்டைப்பையில் லைசென்ஸோடு உட்கார்ந்திருப்பார். செக்போஸ்ட் வருகிறதென்றால் முன்பே நிறுத்தி இடம் மாறிக்கொள்வார்கள். பதினெட்டு நிறையாத பையன். இது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியாமலில்லை. கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன், வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். முதலாளி வேறு சாவி கொடுத்தனுப்பினார். மோட்டார் சார் வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, என் கிளாஸ்லயே அவன்தான் மொத ஆளு. இருபது வயசு ஆகாம ரோட்டுல தொடாதீங்கடான்னு செவுத்துல எழுதி வெச்சவன் நானு" என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். கண் விஷயத்தைச் சொன்னேன்.  போகும்போது, "பிராக்டிகல் பரீட்சைக்கு மட்டும் எப்படியாச்சும் வரச் சொல்லுங்க, அது இல்லேன்னா பாஸே கெடையாது. எழுத்துப் பரீட்சை அவன் தேத்திருவான். பாஸாயிட்டா பாலிடெக்னிக்குக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன். அப்புறம் அவனை வண்டியில ஏத்த அப்பாவுக்கும் சாக்கு இருக்காது" என்றார். பையன் என் தலையில் கை வைத்து, வருகிறேன் என்றான். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பரீட்சை ஒன்று நடந்துவிட்டால் போதும், மகனை மீட்டுவிடுவேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பே அவர்கள் திரும்பியிருக்க வேண்டும். பூனாவில் லோடு இறக்கத் தாமதமாகிவிட்டது. பரீட்சை அன்று காலையில் அவனுடைய காக்கி யூனிபார்மைத் தேய்த்து ஒரு பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். நேராகக் கொட்டகைக்கு வந்து மாற்றிக்கொள்ளட்டும் என்று. வெளியிலிருந்து பரீட்சை அதிகாரி வந்துவிட்டார். சார் அவரிடம் பேசி என் பையனைக் கடைசி ஆளாகத் தள்ளி வைத்திருந்தார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போன் போட்டேன். ஓசூர் தாண்டிவிட்டோம் என்றார்கள். பையன்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். சார் கொட்டகை வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் போட்டேன். என் வீட்டுக்காரர் எடுத்து, பையனுக்குக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

"கிருஷ்ணகிரி வரப் போவுதும்மா! வந்துருவேன், நீ சாரை மட்டும் புடிச்சு வை!"

இன்ஜின் அலறுவது கேட்டது. விடாமல் ஹார்ன். நடுவில் இவர் குரல், "முன்னால என்னாடா, நிக்குதா போவுதா?"

"போவுது, போவுது. சும்மா இருங்கப்பா!"

அடுத்த நொடி டயர் தேய்கிற சத்தம். என்னவெல்லாமோ உருண்டது. என் வீட்டுக்காரர் "டேய்" என்றார். அப்புறம் ஒன்றுமில்லை. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சமையல்கார அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றான். மூச்சு வாங்கியது. "ஒரு கார்க்காரன் குறுக்க வந்துட்டான். வண்டி நின்னுருச்சு. ஒண்ணும் ஆவல."

"தூங்கினியாடா நீ?"

"பரீட்சை முடிச்சிட்டுத் தூங்கிக்கறேன். இப்ப வெய்யி, போன் பேசினா லேட் ஆவும்."

யூனிபார்ம் பை என் மடியில் இருந்தது. கொட்டகை வாசலில் சார் எனக்குக் கையைக் காட்டி, எங்கே என்று கேட்டார். இன்னும் நாலைந்து பேர்தான் பாக்கி.

"டேய், மெதுவா வா" என்றேன்.

"மெதுவா வந்தா பரீட்சை போயிரும்மா."

"போனா போவட்டும்."

"என்னாம்மா?"

"பரீட்சை வேணாம்டா. எழுத வேணாம். ஓரங்கட்டி, ரெண்டு பேரும் டீ குடிங்க. கொஞ்ச நேரம் படுத்துட்டு மெதுவா வாங்க."



"நெசமாவாம்மா சொல்ற?"

"நெசமாத்தான்."

"சரிம்மா" என்றான். அந்தக் குரலில் துளி வருத்தம் இல்லை. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் வீட்டுக்கு ஓடிவந்து சொல்வானே, அந்தக் குரல். "அப்பா, அம்மா பரீட்சை வேணாம்னுட்டாங்க" என்று அவன் சொல்வதும் கேட்டது. இன்ஜின் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது.

பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன்.

"வர மாட்டான் சார்."

"எங்க இருக்கான்?"

"கிருஷ்ணகிரிகிட்ட. வேகமா வந்தான், வண்டி தப்பிச்சுது. நான்தான் வேணாம்னுட்டேன்."

சார் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்து இப்படிப் பண்ணிட்டீங்களே அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் பதிலுக்குப் பத்து வார்த்தை கேட்டிருப்பேன். உன் கொட்டகை, உன் லாரி, உன் இன்ஜின் என்று எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு ஒரு மூச்சு அழுது தீர்த்திருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நல்லது பண்ணீங்கக்கா" என்றார்.

உள்ளேயிருந்து அதிகாரி, அடுத்த பையன் யார் என்று கேட்டார். சார் போனார். நான் சமையல் கூடத்துக்குத் திரும்பி அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்தது, பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றார்கள்.  அன்றைக்குச் சமையல்கார அம்மாதான் எல்லாருக்கும் சோறு போட்டார்.